நாலாம் பாலிஹவுஸின் கிறுக்கிகளுக்காக வாதாடியவருக்கு

கோணல் செடியையும் கனிவோடு கண்டவரே! பழுதான பயிருக்கும் பெயர் சூட்டிய பெருந்தகையே! ஓசூர் தக்காளி ஆய்வுப் பண்ணையின் மரபியல் பிரிவுத் தலைவர், எங்கள் சரஸ்வதி அம்மையாரே, வணக்கம்!

இத்தனை ஆண்டுகளும் ஒரே கேள்வியால் எங்களை ஆட்டிவைத்தீர்கள்: கொத்தில் இத்தனை பூ போதும் என்று தக்காளிச் செடிக்குச் சொல்வது எந்த மரபணு? விதைகளை மருந்தில் ஊறவைத்து மரபணுக்களை அங்கங்கே பழுதாக்கினீர்கள். அடுத்தடுத்த தலைமுறைகளை விதைத்து, ஆயிரமாயிரம் செடிகளில் தப்பிப் பிறந்த ஒன்றைத் தேடினீர்கள். நம் தோட்டப் பணியாளர் மாரம்மா கண்ணில்தான் அது பட்டது.

"மேடம், இதுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு! கொத்துக்கு ஒத்தப் பூ வெச்சுட்டு நின்னுடுச்சு!"

சிரித்தபடி 'கிறுக்கி' என்றே பெயர் வைத்தீர்கள். அதைப் பழுதில்லாத நேர்ச்செடியோடு கலப்புச் செய்து, அதன் பேரப்பிள்ளைகளில் கிறுக்கிகளையும் நேர்ச்செடிகளையும் பிரித்து, டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, ஒரு குரோமோசோமின் மூலைவரை துரத்திப் போய்விட்டீர்கள். அங்கே ஏழு மரபணுக்கள். அவற்றில் எது என்று அறியக் கிறுக்கியின் விதை இன்னும் ஒரு போகம் வேண்டும்.

அப்போதுதான் ஜூஜுவாடி எல்லைச் சாவடி தாண்டி, தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது.

"ஒத்தக் காய் காய்க்குற செடிக்குத் தண்ணி எதுக்கும்மா? நேர்ச்செடியை விட்டுட்டு மத்ததப் பிடுங்கச் சொல்லுங்க" என்றார் மேலாளர் குருமூர்த்தி.

"கெட்டுப்போனதுதான் சார் காட்டிக்கொடுக்கும், நல்லதுல எது வேலை செய்யுதுன்னு."

"ரிட்டையர் ஆகுற நேரத்துல எதுக்கும்மா பிடிவாதம்?"

"என்னால பார்க்க முடியாது" என்று, பிளாஸ்டிக் கூரையடியில் அவை நின்ற நாலாம் பாலிஹவுஸின் சாவியை எங்களிடம் தந்துவிட்டுப் போனீர்கள். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

அன்று நடந்ததை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. இன்று சொல்கிறோம். மேலாளர் இந்தப் பிரிவுபசார விழாவின் முன்வரிசையில் இருக்கிறார், இருக்கட்டும். ஷூவைக் கழற்றி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துத்தான் பாலிஹவுஸுக்குள் நுழைய வேண்டும் என்பது நீங்கள் வைத்த சட்டம். அவர் ஷூவைக் கழற்றுவதில்லை, அதனால் உள்ளே வருவதுமில்லை. வாசலில் வாடிக்கிடந்த குவியலைப் பார்த்து, "எல்லாம் ஆச்சா?" என்றார்.

"ஆச்சுங்க சார்" என்றார் மாரம்மா.

தண்டனை உண்டென்றால் கீழே கையெழுத்திட்ட எல்லோருக்கும் சேர்த்தே தரலாம். ஒருவர் பெயரும் விட்டுப்போகவில்லை.

அம்மையாரே, நோயின்றி நூறாண்டு வாழுங்கள்! ஆனால் ஓய்வாக இருங்கள் என்று வாழ்த்த மாட்டோம். உங்களுக்கு வேலை இருக்கிறது. நாங்கள் பிடுங்கியது நேர்ச்செடிகளை. கிறுக்கிகள் அத்தனையும் உயிரோடு இருக்கின்றன. காய் பழுத்துவிட்டது.

மாரம்மா, இளம்பரிதி, வினோதா, மோகனப்ரியா
மரபியல் பிரிவு