பூச்சில்லாத கம்பி

பேஸ் கிட்டாருக்குக் கம்பி வாங்கும்போது பூச்சு போட்டதை வாங்காதீர்கள். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். பூச்சுக் கம்பி விரலுக்கு வழுவழுவென்று இருக்கும், வியர்வைக்குத் துருப்பிடிக்காது. ஆனால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வரும். வெறும் கம்பியில்தான் உயிர் இருக்கிறது. சத்தம் மங்கினால் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்துத் துடைத்து மறுபடி மாட்டலாம். கள்ளக்குறிச்சியில் எங்கள் இன்னிசைக் குழுவில் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் வாசித்தேன்.

குழு எனக்கும் வெற்றிவேலுக்கும் பொது. பாட்டு அவன், பேஸ் நான். ரிஷிவந்தியம் திருவிழாவானாலும் வெள்ளிமலைக் கல்யாணமானாலும் ஒரே வேன், ஒரே பொட்டலத்துச் சாப்பாடு.

போன ஆடியில் ஒரு டிவியில், பாடிக்கொண்டே வாசிக்கிறவர்களைத் தேடினார்கள். அவன் பாடி நான் வாசித்த பதிவொன்றை, இரண்டுக்கும் தன் பெயரையே போட்டு அனுப்பிவிட்டான். தேர்வானதும் அவன் மனைவி இசைவாணி பெருமையாகப் போனில் போட்டுக் காட்டினாள்.

"இவரு எப்பண்ணே இதக் கத்துக்கினாரு? எங்கிட்ட சொல்லவே இல்ல."

நான் வாசித்ததை நானே கேட்டுக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை.

மறுநாள் வெற்றிவேல் வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"ஆதி, நேர்ல வாசிக்கச் சொல்றாங்கடா. தைக்குள்ள எனக்குக் கத்துக் குடுத்துரு."

சரி என்றேன்.

அவனுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், கொதிக்கிற டீ கிளாஸைச் சாதாரணமாகப் பிடிப்பான். வேனில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவனே நான்தான். கடையில் இரண்டு வகைக் கம்பியும் இருந்தன. பூச்சில்லாததை எடுத்தேன்.

"இன்னாடா, சுரசுரன்னு கீது?"

"அப்பிடித்தான் இருக்கும். விரலு காய்ச்சுப்போனா சரியாப் பூடும்."

தினம் நான்கு மணி நேரம் வாசித்தான். கொப்புளம் வந்தது, உடைந்தது, அவனுக்கு வலிக்கவில்லை. கம்பியைக் கொதிக்கவைத்துக் கொண்டுவருகிறேன் என்று கழற்றிக்கொண்டு போவேன். கொதிக்கவைக்கவில்லை. கல்வராயன் மலைப் பனியில் துருவேறிக் கிடந்த என் பழைய கம்பிகளை மாட்டினேன். இசைவாணி, "டாக்டராண்ட காட்டலாமாண்ணே?" என்று கேட்டாள். மஞ்சள் வைத்தால் போதும் என்றேன். நம்பினாள். என் தவறு என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

தை இரண்டாம் வாரம் புண் அழுகி, அவன் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பன்னிரண்டு வருஷச் சிநேகிதனை முதுகில் குத்தியவனுக்கு அது பெரிய நஷ்டமில்லை என்று உங்களுக்கும் தோன்றலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கார்த்திகை முதல் வாரம், கொப்புளம் உடைந்த மறுநாள், அவன் டிவிக்காரர்களுக்கு என் எதிரிலேயே போன் போட்டு, வாசித்தது ஆதிமூலம் என்று சொன்னான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"தப்புப் பண்ணிட்டேன்டா. ரெண்டு பேரையும் வரச் சொல்லிட்டாங்க. நானும் ஒரு பாட்டு வாசிக்கணும், வுடாம கத்துக் குடு."

வீட்டுக்குப் போய்ப் பழைய கம்பிகளைத் தேடி எடுத்தது அன்று சாயங்காலம்தான்.