நான் வாசிக்காமல் விட்ட வரி

வீட்டில் என்னைச் சுண்டு என்று கூப்பிடுவீர்கள். இருபத்தாறு வயதிலும் அதே பெயர்தான். இப்போது நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே, துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பகல் பதினொரு மணி. நம் குடும்பக் குழுவில் போட வேண்டும், தட்டினால் நேரமாகும், அதனால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. மெஷின் சத்தத்தையும் அது ஏதாவது சொல்லாக எடுத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது முதலில் இஞ்சினைப் பார்க்கக் கூடாது, சித்தப்பா. காகிதத்தைப் பார்க்க வேண்டும். இங்கே ஒவ்வொரு வண்டியும் வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போக வேண்டும். வண்டி எண்ணைப் போட்டால் அத்தனை வருடத்துச் சோதனையும் வந்துவிடும். மேலே தேர்ச்சியா இல்லையா என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில், இப்போதைக்கு ஓடலாம், ஆனால் இதைக் கவனி என்று குறிப்பு இருக்கும். எல்லாரும் மேலே பார்ப்பார்கள். விஷயம் கீழே இருக்கும். டயர் கடையில் இரண்டு வருடம் வேலை செய்து நான் கற்றது இதுதான்.

அண்ணனுக்கு இந்த ஊர் மொழி பேச வரும், படிக்க வராது. "பார்த்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா" என்பார். அண்ணிக்கும் அப்படித்தான். வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன்.

அண்ணன் மேற்பார்வை பார்த்த தொழிற்சாலையில், சொந்தக்காரர் ஒருவருக்கு நிரந்தர வேலைக்குப் பரிந்துரை செய்யலாம். அந்த வேலை கிடைத்தால் இந்த நாட்டிலேயே தங்கலாம். அதை எனக்குத் தருவதாகச் சொல்லித்தான் என்னை வரவழைத்தார். எட்டு மாதம் கேட்டேன். "மேலே கையெழுத்துக்குப் போயிருக்குடா" என்றார். ஒரு நாள் அந்தத் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. அண்ணனே என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். உங்கள் வேண்டுகோள்படி தம்பியின் பெயரை நீக்கிவிட்டு, மனைவியின் தம்பியைச் சேர்த்துவிட்டோம் என்று அதில் இருந்தது.

"என்னடா?"

"விளம்பரம்ணே. புதுசா ஏதோ பாங்க்."

மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லியிருப்பார், நானும் சமாதானமாகியிருப்பேன்.

அடுத்த மாதம் அண்ணியின் தம்பி வந்து சேர்ந்தான். என் அறையில்தான் படுக்கை. நல்லவன், குறட்டை மட்டும் விடுவான். மேற்பார்வையாளர்களுக்கான வேனில் அண்ணன் போவார், அவன் இரண்டு பஸ் மாறித் தொழிற்சாலைக்குப் போய் வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் தோளில் கை போட்டார்.

"டேய் சுண்டு, இவன் பஸ்ஸுல போய்ச் சீரழியறான். ஒரு பழைய வண்டி எடுத்துக் குடுக்கலாம்னு இருக்கேன். நீ பார்த்துச் சரின்னு சொன்னா கண்ண மூடிட்டு எடுத்துடுவேன்."

என் வேலைக்கு அவன் போய்வர, நான் வண்டி பார்த்துக் கொடுக்க வேண்டும். அண்ணன் இதைக் கூச்சமில்லாமல் கேட்டார். அவன் வேலை வேறு வழியில் கிடைத்தது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார், எனக்குத் தெரியாது என்ற நம்பிக்கை.

விற்கிறவர் ஒரு தச்சர். பதினொரு வருடத்து வண்டி.

"என்ன மாமா, கலர் சாணி மாதிரி இருக்கு" என்றான் அண்ணியின் தம்பி.

"ஓட்டுறப்ப உள்ளதானடா இருக்கப்போற, உனக்கு எங்க தெரியப்போகுது" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தோம்.

போனில் பழைய சோதனைகளை எடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் பிரேக் குழாயில் துரு என்று குறிப்பு. அடுத்த வருடம் துரு அதிகம், விரைவில் மாற்றவும். போன வருடம் குறிப்பே இல்லை, சோதனை செய்த நிலையமும் வேறு. துரு தானாகக் குணமாகாது. டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். பழைய குழாய்தான், மேலே கறுப்புப் பெயிண்ட். நகத்தால் சுரண்டினேன், தகடு தகடாக உதிர்ந்தது. மெதுவாக மிதித்தால் தாங்கும். அவசரத்தில் ஓங்கி மிதித்தால் வெடித்துவிடும்.

எழுந்து வந்து அண்ணனுக்கு ஒவ்வொரு வருடமாக வாசித்துக் காட்டினேன். பின் டயர் தேய்ந்திருக்கிறது என்றேன். இஞ்சினில் லேசான எண்ணெய்க் கசிவு என்றேன். ஓடிய தூரம் சரியாக இருக்கிறது, இந்த மாடல் உழைக்கும் என்றேன். எல்லாம் உண்மை. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அந்தக் குறிப்பை மட்டும் வாசிக்கவில்லை. சின்னக் குறைகளைச் சொன்னதால் அண்ணனுக்கு என் மேல் இன்னும் நம்பிக்கை வந்தது. "என் தம்பி கழுகுக் கண்ணன்" என்று தச்சரிடம் பெருமையாகச் சொன்னார்.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை. வண்டி வந்த பிறகு அண்ணி ஒரு நாள்கூட அதில் ஏறாமல் பார்த்துக்கொண்டேன். நடந்தால் முழங்காலுக்கு நல்லது அண்ணி, பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும் அண்ணி என்று ஏதாவது சொல்லித் தடுத்தேன். நானும் ஏறவில்லை. அதை ஓட்ட வேண்டியவன் ஒருவன்தான்.

ஆறு வாரம் ஓட்டினான், ஒன்றும் ஆகவில்லை. ஏழாவது வாரம் பல்வலியில் கன்னம் வீங்கிப் படுத்துவிட்டான். அன்று காலை அண்ணன் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

"வண்டி சும்மாதானே நிக்குது, நான் எடுத்துட்டுப் போறேன். வாடா, கடைகிட்ட இறக்கி விடறேன்."

"வேணாம்ணே, நான் நடந்துக்கறேன்."

"உனக்கு எப்பவும் நடராஜா சர்வீஸ்தான்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். கண்ணாடியில் பனி படிந்திருந்தது. அண்ணன் துணியால் துடைத்தார். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பக்கத்துக் கண்ணாடி இரண்டு. மூன்று நிமிடம் ஆகியிருக்கும். ஜன்னலைத் திறந்து "அண்ணே" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் எப்போதிருந்து தெரியும் என்று கேட்பார். அதற்குப் பிறகு என்னை வேறு மாதிரி பார்ப்பார். அதை என்னால் தாங்க முடியாது. காபியைக் குடித்து முடித்தேன்.

எங்கள் தெருவின் கடைசியில் இறக்கம். இறக்கத்தின் முடிவில் சிக்னல். மற்றது உங்களுக்குத் தெரியும். அண்ணன் விபத்தில் இறந்துவிட்டார் என்று அம்மாவிடம் போனில் சொன்னது நான்தான்.

நேற்று போலீசிலிருந்து தடித்த உறை வந்தது. அண்ணி பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார்.

"படிச்சுச் சொல்லு தம்பி. அவர் வேகமாப் போனாரா, அது மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும். அன்னிக்கு நேரமாச்சுன்னு நான்தான் அவரை விரட்டினேன்."

தலை வலிக்கிறது, நாளைக்கு வாசிக்கிறேன் என்றேன். இன்று காலை அண்ணி வேலைக்குப் போனதும் பிரித்துப் படித்துவிட்டேன். அண்ணன் வேகமாகப் போகவில்லை. பிரேக்கைச் சரியான நேரத்தில்தான் மிதித்திருக்கிறார், குழாய் வெடித்திருக்கிறது. இந்தத் துரு இரண்டு வருடம் பதிவில் இருந்தது, வாங்குமுன் படித்துப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். உறையை அண்ணியின் மேஜை மேல் வைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

நாலு மணிக்கு அண்ணி வேலை முடிந்து வருவார். இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், அதற்குள் அவருக்குப் போன் செய்து, அந்த உறையை வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். என்னிடம் கேட்டால், அண்ணன் வேகமாகத்தான் போனார் என்று வாசித்துவிடுவேன்.