இன்னொரு வாய்

அஸ்காலெச்: அடிப்பாவி... ஜன்னலைச் சாத்திட்டாளே!

தாக்மாவி: மெதுவாம்மா... படம் ஓடுதுல்ல.

அஸ்காலெச்: ஓடட்டும். பாலத்தடியில படுத்துக் கெடக்குற புள்ள, பசியோட ஓட்டல் ஜன்னல்ல வந்து நிக்கிறான். சமையக்காரி ஒரே ஒரு வாய் குர்ஷா ஊட்டிட்டு சாத்துறதா? எந்த ஊரு வழக்கம் இது?

பின்வரிசை: இன்னொரு வாய் ஊட்டுடி!

அஸ்காலெச்: கேட்டியா? அடிஸ் அபாபாவே கத்துது. ஒத்தை வாயோட யாராவது நிறுத்துவாங்களா?

தாக்மாவி: கதை அப்படிம்மா...

அஸ்காலெச்: நல்லா எழுதினான் கதை! ஆமா, உனக்கு ஏன் தம்பி இப்படி வேர்க்குது?

தாக்மாவி: இல்ல... ஜனங்க பாதியில எழுந்து போனா, நாளைக்கே படத்தைத் தூக்கிடுவேன்னு தியேட்டர்காரர் சொன்னாராம்.

அஸ்காலெச்: யாருகிட்ட?

தாக்மாவி: சும்மா... கேள்விப்பட்டேன்.

அஸ்காலெச்: ம். ஒருத்தனும் அசையல. பேசாம பாரு.

தாக்மாவி: நீங்கதான் பேசுறீங்க.

அஸ்காலெச்: வாய் பாரு! ஏய்... இது என்ன? ஷூ பாலிஷ் போட்டுக்கிட்டிருந்த பாலத்தடிப் புள்ளைங்க மூணு பேரும் சொந்தமா செருப்புக்கடை திறக்குறாங்களா? ரிப்பன் வெட்டுறது அந்தச் சின்னவளா? அடி சக்கை! குலவை போடுங்கடி! எலிலிலிலிலி!

தாக்மாவி: அம்மா... எல்லாரும் எழுந்துட்டாங்க. கிளம்பிட்டாங்களா?

அஸ்காலெச்: லூசு! கை தட்ட எழுந்திருக்காங்கடா. தலையைத் தூக்கிப் பாரு.

தாக்மாவி: ஐயோ... மாடியிலயும்... ஜெயிச்சுட்டோம்மா! ஜெயிச்சுட்டோம்!

அஸ்காலெச்: படம் எடுத்தவன் இப்படியா அழுவான்? கண்ணைத் துடை.

தாக்மாவி: நான்தான்னு... எப்படித் தெரியும்?

அஸ்காலெச்: பேப்பர்ல உன் மூஞ்சி பார்த்தேன். புருவத்துல அதே தழும்பு. அதான் உன் பக்கத்துல இருந்தவனை எழுப்பி விட்டுட்டு இங்க உக்காந்திருக்கேன்! ஆனா ஒரு தப்பு பண்ணிட்ட. ஜன்னலைச் சாத்தினது அவ இல்ல. முதலாளி பின்னாலேர்ந்து அவ முடியைப் பிடிச்சு இழுத்துட்டு, அவன்தான் சாத்தினான். அன்னைக்கே அவ வேலையும் போச்சு.

தாக்மாவி: அந்த ஜன்னலுக்கு வெளியில நின்னது நான்தாம்மா. ஊட்டினவங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டு... இருங்க, உள்ளே நடந்தது உங்களுக்கு எப்படி...

அஸ்காலெச்: அடுத்த வாயை உருட்டிக் கையிலதானேடா வெச்சிருந்தேன்! இந்தா, இஞ்செரா ரொட்டியும் ஷிரோ குழம்பும் கட்டிட்டு வந்திருக்கேன். கை தட்டுறது கிடக்கட்டும், நீ முதல்ல வாயைத் திற.