புண் இல்லாத நாள்

— மெதுவா துணிய மடி சாமி. ரயிலு இன்னா உன்ன வுட்டுட்டு ஓடிடப் போவுதா?

— ஓடினாலும் ஓடும் தணிகைவேலு. இன்னிக்கே எங்க ஊருக்கு, சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போயாகணும். நாளைக்குன்னு தள்ளினா டாக்டர் மனசு மாறிடுவாரோன்னு பயமா இருக்கு.

— கிருமி பூட்ச்சு, வூட்டுக்குப் போலாம்னு அவரே சொல்லிட்டாரு. அப்பால இன்னா மாறறது?

— எனக்கே நம்பிக்கை வரலைடா. வருஷக்கணக்கா இந்தப் பெருவியாதி ஆஸ்பத்திரியில கிடந்துட்டு, திடீர்னு ஆரோக்கியசாலின்னா?

— வூட்டுக்குச் சேதி சொன்னியா?

— சொல்லலை. நான் போய் வாசல்ல நிக்கறச்சே ருக்மிணி முகம் எப்படிப் போறதுன்னு பாக்கணும்.

— எனக்கும்தான் பூட்ச்சுன்னாரு சாமி, போன மழைக்கு முன்ன. எங்க குப்பம் தேவனேரிக்குப் போனேன். ஒருத்தனும் எங்கூட கட்டுமரம் ஏற மாட்டேன்னுட்டான். பொண்டாட்டியே தூர நின்னுகினு சோத்துத் தட்டத் தள்ளினா. திரும்பி வந்து டாக்டரு கால்ல வுயுந்து, இந்தத் தோட்ட வேலைய வாங்கிகினேன். இப்ப இன்னா கொறச்சல்? விடிஞ்சா கஞ்சி, கடிச்சிக்க வெங்காயம். வெண்டைக்குத் தண்ணி வுடறேன். பொழுது சாஞ்சா உன் உள்ளங்கால நான் பாக்கறேன், என்னுத நீ பாக்கற. முள்ளு குத்தினா நமக்குத்தான் தெரியாதே. புண்ணு இல்லன்னா அன்னிக்கி நல்ல நாளு. படுத்தா தூக்கம் வருது. இதுக்கு மேல மன்சனுக்கு இன்னா வோணும்?

— இதெல்லாம் ஒரு வாழ்க்கையாடா? கொட்டில்ல கட்டின மாட்டுக்குச் சொல்ற மாதிரி சொல்றே. எனக்குப் பொண்ணு இருக்கா. நான் இங்க வரச்சே அவளுக்கு மழலை மாறலை. இப்போ அவ குரல் எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது. உன் காலைப் பாத்துண்டு திருப்தியா இருன்னா எப்படிடா இருப்பேன்?

— கோச்சிக்காத சாமி. நீ பூட்டா என் கால யாரு பாப்பாங்கன்னு ஒரு பேஜாரு, அவ்ளோதான். தோ, வேப்பமரத்தாண்ட யாரோ ஒரு அம்மா நின்னுகினு கீது பாரு. மடிசாரு கட்டிகினு. உன்னத்தான் பாக்குது.

— ருக்மிணி! ருக்மிணிதான்டா! தணிகை, நீ வாயைத் திறக்காதே. நல்ல சேதியை நானே சொல்லணும். நீ தோட்டத்துக்குப் போ, போ.

— ஏன்னா, சௌக்கியமா இருக்கேளா?

— வா, வா, உக்காரு. அட, இவ்வளவு கிட்ட வந்து உக்காந்துட்டியே! யாரோட வந்தே?

— தனியாத்தான். கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு ரயிலேறிட்டேன்.

— ருக்மிணி, உங்கிட்ட ஒரு விஷயம்...

— நான் முதல்ல சொல்லிடறேன்னா. விட்டா தைரியம் போயிடும். நம்ம காமுவுக்கு வரன் வந்திருக்கு.

— காமுவுக்கா! அவ்வளவு பெரியவளாயிட்டாளா?

— காஞ்சீபுரத்துல நல்ல மனுஷா. பையன் தாலுக்கா ஆபீஸ்ல இருக்கான். காமுவுக்கும் அவனைப் பிடிச்சிருக்கு, சொல்லாட்டாலும் தெரியறது. உங்களை எங்கேன்னு கேட்டா. எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி, பம்பாய்ல உத்யோகம்னு சொன்னோம். அப்போ லீவு போட்டுண்டு வரச் சொல்லுங்கோ, கன்னிகாதானம் அப்பாதானே பண்ணணும்னு நிக்கறா.

— வந்தாப் போச்சு. வரேனே.

— உங்க விரலைப் பாருங்கோ. மூக்கைப் பாருங்கோ. பாத்த மாத்திரத்துல என்ன வியாதின்னு தெரிஞ்சுடாதா? அப்புறம் காமுவை யார் பண்ணிப்பா?

— ஆமாம். தெரிஞ்சுடும்.

— அப்பா உசிரோட இருந்துண்டு வரலைன்னா சந்தேகப்படுவா. அப்பாவே இல்லைன்னா சித்தப்பா தாரை வார்க்கலாம். அதனால உங்க தம்பி என்ன சொல்றார்னா... பம்பாய்லேர்ந்து சேதி வந்துடுத்துன்னு சொல்லிடலாம்னு.

— நான் செத்துப் போயிட்டேன்னா?

— தர்ப்பையில ஒரு உருவம் கட்டி எரிச்சுட்டு, காரியத்தைப் பண்ணிடலாமாம். வருஷத்துக்குள்ள பொண் கல்யாணம் பண்ணலாமாம். காரியம் பண்ணி வைக்கற வாத்யாரைக் கேட்டாச்சு.

— அம்பி கெட்டிக்காரன். சரி, அப்போ நீ?

— எனக்கென்ன? குங்குமத்தை அழிச்சுண்டு உள்ளே உக்காருவேன். பந்தல் பக்கம் தலைகாட்ட மாட்டேன். நீங்க கல்லாட்டம் இருக்கறச்சே, உங்களைக் கேக்காம அதைப் பண்ண எனக்கு மனசு வரலை. அதான் தலை நிறையப் பூ வெச்சுண்டு வந்தேன். ஒரு தடவை நன்னாப் பாத்துக்கோங்கோ.

— பாத்துண்டுதான் இருக்கேன். அழாதே. யாராவது பாக்கப் போறா.

— ஏதோ விஷயம்னு ஆரம்பிச்சேளே?

— நானா? அது ஒண்ணுமில்லை.

— பரவாயில்லை, சொல்லுங்கோ.

— இங்க எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு சொல்ல வந்தேன். காலம்பற கஞ்சி. சிரிக்காதே, வெங்காயம்கூடக் கடிச்சுக்கறேன். வெண்டைக்குத் தண்ணி விடறேன். சாயங்காலமானா தணிகைவேலு என் உள்ளங்காலைப் பாப்பான், நான் அவனுதைப் பாப்பேன். புண் இல்லேன்னா அன்னிக்கு நல்ல நாள். படுத்தா தூக்கம் வரது.

— இது போறுமா உங்களுக்கு?

— பேஷாப் போறும். மனுஷனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? நீ கையைப் பிடிச்சு இழுத்தாலும் நான் வரமாட்டேன்.

— குணமாகும்னு டாக்டர் ஏதாவது சொன்னாரா?

— அவர் எங்கே சொன்னார்? இந்த ஜன்மத்துல கிடையாது. போ, அம்பிகிட்ட அந்த உருவத்தை எரிச்சுடச் சொல்லு. எனக்குப் பூரண சம்மதம். காமு கல்யாணம் நிக்கப்படாது.

— அப்போ நான் கிளம்பறேன்னா. இருங்கோ, சேவிச்சுடறேன்.

— தொடாதே ருக்மிணி! வேண்டாம், தூர நின்னே பண்ணு. உனக்கும் ஒட்டிக்கப் போறது.

— ஒட்டிக்காதுன்னா. வரச்சே வாசல்லயே நர்ஸ் மார்கரெட் என் கையைப் பிடிச்சுண்டு சொன்னா, உங்களுக்குப் பூரணமா குணமாயிடுத்து, இன்னிக்கே ஆத்துக்கு அழைச்சுண்டு போகலாம்னு. கேட்டுட்டுத்தான் உள்ளே வந்தேன்.