ஹரல்ட் பாஸ் அடித்த மூடி

மேடையில் அமர்ந்திருக்கும் பாதர் அவர்களே, ஹரல்ட் பாஸைப் பறிகொடுத்து நிற்கும் அவர் மனைவி வேரா தங்கச்சி, மகள் எறிக்கா, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் மேசன்மாரே, எல்லோருக்கும் அழகரத்தினத்தின் வணக்கம்.

மட்டக்களப்பில் மாடி கட்டியவர்கள் எத்தனையோ பேர். கட்டியவனை முழு உடம்போடு வீட்டுக்கு அனுப்பியவர் யார்? எங்கள் தச்சுப் பாஸ், தலைமைத் தச்சர் ஹரல்ட் பாஸ். அவர் போய்விட்டார், இனி யார் ஆணி அடிப்பது என்று வாசலில் கேட்டீர்கள். சொல்கிறேன்.

கொங்கிறீற் தட்டில் படிக்கட்டுக்கும் குழாய்க்கும் வாய் விடுவோம், ஆள் விழும் அளவுக்குத் திறப்பு. மற்ற இடங்களில் அதன்மேல் சும்மா ஒரு பலகை கிடக்கும். எவனாவது தேவைக்குத் தூக்குவான். தூக்கிய பலகை கண்ணை மறைக்கும். அடுத்த அடி வாய்க்குள். "ஆணி அடிக்காத பலகை மூடியில்ல மனே, பொறி" என்பார் பாஸ். தடித்த பலகை போட்டு, சுற்றிவர ஆணி இறுக்கி, சிவப்புப் பெயின்ற் பூசுவார். மறுகா இடுப்புக் கயிற்றைத் தூணில் கட்டிக்கொண்டு அதன்மேல் பைலா ஆடுவார். அவருடைய உடம்பு உங்களுக்குத் தெரியும். அந்த ஆட்டத்தைத் தாங்கிய மூடி எதைத்தான் தாங்காது?

வந்தாறுமூலையில் நாங்கள் கட்டும் மாடியின் மூன்றாம் தட்டு. சாந்து குழைக்கப் பலகை தேடிய எங்கள் கையாள் சிவதர்ஷன் ஒரு மூடியை நெம்பினான். நெம்பினான், நெம்பினான், அசையவில்லை.

"என்ன பாஸ், சவப்பெட்டிக்கும் இவ்வளவு ஆணி அடிக்கமாட்டாங்களே?"

"அதுக்கு நாலு போதும். உள்ள கிடக்கிறவன் எங்க விழப்போறான்?"

அன்றைக்கே, தோளில் சீமெந்துப் பை கண்ணை மறைக்க, உதயரூபன் அதே மூடிமேல் நடந்து போனான். கீழே வெறும் வெளி. அவனுக்குத் தெரியவே தெரியாது. இதோ, மனைவி சுலோஜனாவோடு முன்வரிசையில் இருக்கிறான். விழுந்தவன் பெயரை ஊர் சொல்லும். விழாதவன் பெயரை யார் சொல்வார்? அதுதானே எங்கள் பாஸின் பெருமை.

நெஞ்சுவலி வந்து பாஸ் கண்மூடினார். அடக்கத்துக்கு முதல்நாள் பின்னேரம் சேமக்காலையில் குழி வெட்டியாயிற்று. அழுதுகொண்டிருந்த வேரா தங்கச்சி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, குழிய மூடினீங்களா? சனம் வந்து போற இடம்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். சிவதர்ஷன் பலகை பரப்பி, சுற்றிவர முளை அறைந்துகொண்டிருந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"ஏறி மிதிச்சுப் பாருங்க பெரியப்பா."

மிதித்தேன். தாங்கியது.

நாளைக்கு நாலாம் தட்டில் வேலை தொடங்குகிறது. லிப்டுக்கு விட்ட பெரிய வாய் அங்கே திறந்து கிடக்கிறது. தங்கச்சி, உங்கள் முன்னால் வாக்குத் தருகிறோம்: அதை மூடி ஆணி இறுக்காமல் ஒரு சாந்துச் சட்டியும் மேலே ஏறாது. மூடிய பிறகு, பாஸின் கயிற்றை இடுப்பில் கட்டி மூடிமேல் முதலில் ஏறுபவன் சிவதர்ஷன்.

அவனுக்குப் பைலா வராது. பழகிக்கொள்வான்.