விற்பனை குறைந்த வட்டாரத்தின் தலைமைச் செவிலியருக்கு

இன்னும் நான்கு மணி நேரம் உங்கள் பணி மீதமிருக்கிறது, எங்கள் பெரிய சிஸ்டரே! பணி நிறைவு விழா நான்கு மணிக்கு, கடைசிப் பணி முடிவது எட்டு மணிக்கு என்று நேற்றே சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் மேடையிலும் சீருடையோடு, சட்டைப் பையில் வெப்பமானியோடு அமர்ந்திருக்கிறீர்கள். நடுவில் யாருக்காவது மூச்சு முட்டினால் இந்த மடல் பாதியில் நிற்கும். அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

ஓயாத உழைப்பே! ஒளிக்காத சொல்லே! ஊசி குத்துமுன் உண்மையைச் சொல்லும் உறுதியே! முப்பத்தோரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் முன்வாசலில் நின்ற முதல்வியே! அடுக்குமொழி உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். "மருந்துச் சீட்டு மாதிரி எழுதுங்க, போதும்" என்றீர்கள். இதற்கு மேல் அடுக்க மாட்டோம்.

நீங்கள் வந்தபோது இந்தச் சுகாதார மையம் பகலில் மட்டும் திறந்திருந்தது. இரவில் நோய் கண்டவர்கள் விடியும்வரை காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாமல் போனவர்களைப் பற்றிக் காலையில் கேள்விப்படுவீர்கள். பெரிய மருத்துவமனைக்கு மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். பிறகுதான் அரசு சிகரெட் வரியை உயர்த்தியது. ஒவ்வொரு பெட்டியின் வரியிலும் ஒரு பங்கு கிராமப்புற மருத்துவத்துக்கு என்று சட்டம் வந்தது. அந்தப் பங்கில்தான் நமக்கு இரவுப் பணி கிடைத்தது: ஒரு செவிலியர், ஒரு ஓட்டுநர், ஒரு வண்டி, சுவரோரம் ஆக்சிஜன் சிலிண்டர்கள்.

பங்கைப் பிரிக்க ஒரு விதியும் கூடவே வந்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை பெட்டி விற்கிறதோ, அந்த அளவுக்கு அந்த வட்டாரத்துக்குப் பணம். அதிகம் புகைக்கும் இடத்தில் நோயும் அதிகமாக இருக்கும் என்று யாரோ நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

அதிலிருந்து நம் மையத்துக்குப் புகை ஆஸ்பத்திரி என்று பெயர் வந்தது. கல்குவாரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே வருவார். "யோவ், வரிசையில வாய்யா" என்று யாராவது சத்தம் போட்டால், "இது என் காசுல நடக்குற கம்பெனி. முதலாளி எங்கயாவது வரிசையில நிப்பானா?" என்பார். அன்று முதல் அவர் பெயரே முதலாளி.

நீங்கள் அவரை விடவில்லை. "முதலாளி சார், உங்க நெஞ்சு விசில் அடிக்குது. வியாழக்கிழமை வகுப்புக்கு வந்து உட்காருங்க."

"நான் நிறுத்திட்டா உங்களுக்கெல்லாம் சம்பளம் எப்படிம்மா?"

"எங்க சம்பளத்தை நாங்க பாத்துக்கிறோம். நீங்க மூச்சு வாங்காம மாடிப்படி ஏறுற வழியைப் பாருங்க."

புகைப்பழக்கத்தை விடுவதற்கான அந்த வியாழன் வகுப்பில் நீங்கள் சொற்பொழிவு ஆற்றியதில்லை. குளிர்பானம் உறிஞ்சும் குழாய் ஒன்றை வாயில் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சுவிடச் சொல்வீர்கள். பெரிய மீசைக்காரர்களும் அரை நிமிடத்தில் குழாயைத் துப்பிவிடுவார்கள். "இப்போ துப்பிட்டீங்க. பத்து வருஷம் கழிச்சுத் துப்ப முடியாது" என்பீர்கள். அவ்வளவுதான் பாடம்.

வரி உயரும்போதெல்லாம் வகுப்பில் பெஞ்சு போதாமல் போயிற்று. எதிரே சிகரெட் விற்கும் கடைக்காரர் வாசலில் நின்று சண்டை போட்டார். "விலையை அவங்க ஏத்துறாங்க, ஆளை நீங்க இறக்குறீங்க. நடுவுல நான் என்ன செய்ய?" அவருக்கும் இருமல் மருந்து கொடுத்துத்தான் அனுப்பினீர்கள்.

ஒரு வருடம் நம் வட்டாரத்தில் சிகரெட் விற்பனை பாதியாகக் குறைந்தது. அந்தச் செய்தியை நாமே தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினோம். வரைபடம் போட்டு, கோடு இறங்கும் இடத்தைப் பச்சை மையில் காட்டினோம். கேக் வெட்டினோம். பாராட்டிக் கேடயம் வந்தது. அதே மாதம் நம் பங்கும் பாதியாயிற்று. விதி அப்படி. ஓட்டுநரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஓட்ட ஆளில்லாத வண்டி எதற்கு என்று அதையும் எடுத்துக்கொண்டார்கள். கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நம் துப்புரவுப் பணியாளர், "இதுல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா சிஸ்டர்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை.

வரியைக் குறைக்கச் சொல்லி நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நகரத்தில் நடந்த கூட்டத்துக்குச் சொந்த விடுப்பில் போய், "இன்னும் ஏத்துங்க சார். ஆனா வித்த பெட்டியை எண்ணிப் பிரிக்காதீங்க, வந்த நோயாளியை எண்ணிப் பிரிங்க. சிகரெட்டை விட்டவனுக்கும் நெஞ்சு உடனே புதுசாயிடாது" என்று பேசினீர்கள். நல்ல யோசனை, பரிசீலிக்கிறோம் என்றார்கள். அடுத்த வருடமும் போனீர்கள். அடுத்த வருடமும் பரிசீலித்தார்கள்.

அந்த நெஞ்சு எப்படிப்பட்டது என்பதற்கு முதலாளியே சாட்சி. அவர் சிகரெட்டை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் மாதத்தில் நான்கைந்து இரவுகள் அவர் மனைவி அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார். முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறோம். விடிந்ததும் தன் காலில் நடந்து வீட்டுக்குப் போகிறார். இப்போது அவர் வரிசையில் நிற்கிறார். அவரை முன்னால் விட மற்றவர்கள்தான் ஒதுங்குகிறார்கள்.

போன ஆண்டு பணம் இன்னும் சுருங்கியபோது நாங்கள் சிலர் உங்கள் அறைக்கு வந்தோம். "ஒரு வருஷம் வகுப்பை நிறுத்தி வைக்கலாம் அக்கா. விற்பனை கொஞ்சம் ஏறும். ராத்திரி டூட்டியைக் காப்பாத்திடலாம்" என்றோம். தப்பான கணக்கு என்று நீங்கள் சொல்லவில்லை. கணக்கு சரிதான். பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி. யார் யார் மறுபடியும் ஊதணும்? நீங்களே பேர் சொல்லுங்க" என்றீர்கள்.

வெளியே வந்து உங்களைத் திட்டினோம். மறுநாள் வியாழன். வகுப்பு நடந்தது.

சிஸ்டர், "பயப்பட ஒண்ணுமில்லை" என்ற வாக்கியத்தை இந்தக் கட்டடத்துக்குள் நீங்கள் யாரையும் சொல்ல விட்டதில்லை. ஆய்வகத்திலிருந்து கெட்ட முடிவு வந்தால் ஆளை உட்கார வைப்பீர்கள். ஒரே வாக்கியத்தில் சொல்வீர்கள். அதன் பிறகு அவர் எழுந்து போகும்வரை கூடவே உட்கார்ந்திருப்பீர்கள். "தெரிஞ்சாத்தானே அடுத்து என்னன்னு யோசிப்பாங்க" என்பீர்கள். எங்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்த வேலைகளில் கடினமானது அதுதான்.

ஆனால் இந்த மாதம் ஒரு செய்தி உங்கள் வாயில் வரவில்லை. விழா முடியும்வரை வெளியே பேச வேண்டாம் என்று மேலிடம் சொன்னது ஒரு காரணம். அது மட்டும் காரணமல்ல. முதலாளியின் மனைவியை அழைத்து உட்கார வைத்தீர்கள். மகளின் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டீர்கள். அந்த அம்மா நேராக எங்களிடம் வந்தார். "பெரிய சிஸ்டருக்கு என்னாச்சு? உட்கார வச்சுட்டு ஒண்ணுமே சொல்லலை. அவருக்கு ஏதாவது முத்திப்போச்சா? மறைக்காதீங்கம்மா" என்று அழுதார். அவருக்கு ஒன்றும் முற்றவில்லை என்று நாங்கள் சொன்னது உண்மை. அதற்கு மேல் நாங்களும் சொல்லவில்லை.

இன்றைய அழைப்பிதழில் 'மையத்தின் சேவை புதிய வடிவில் தொடரும்' என்று அச்சாகியிருக்கிறது. அதை நாங்கள் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. நேற்று மருந்தறையில் அதைப் படித்துவிட்டு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். பிறகு, "ஊர் மொத்தமும் வந்து உட்கார்ந்திருக்கும். என்னால முடியலை. அந்தச் செய்தியையும் மடல்ல சேர்த்து நீங்களே படிச்சுடுங்க" என்றீர்கள்.

அதற்கு முன் எங்கள் வாழ்த்து. நீங்கள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும். அழைப்பு மணி எழுப்பாத முழு உறக்கம் உங்களுக்கு வாய்க்க வேண்டும். முழங்கால் வலிக்கு ஊருக்கெல்லாம் சொல்லும் பயிற்சியை நீங்களும் செய்ய வேண்டும். அடுத்த வருடமும் அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டும். கூட வர நாங்கள் இருக்கிறோம்.

இனி, எதிரே அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும், முன்வரிசையில் மனைவியோடு அமர்ந்திருக்கும் முதலாளிக்கும், ஆய்வக உதவியாளர், மருந்தாளுநர், இரவுச் செவிலியர், துப்புரவுப் பணியாளர் என்று இந்த மடலில் கையெழுத்திட்டிருக்கும் நாங்கள் நால்வரும் எங்கள் பெரிய சிஸ்டரின் சார்பில் சொல்கிறோம்: இரவுப் பணிக்கான பணம் நின்றுவிட்டது, நாளையிலிருந்து இருட்டிய பிறகு இந்தக் கதவைத் தட்டினால், திறக்க உள்ளே ஆள் இருக்காது.