நாளைக்கு இருக்குமா?

பேச்சு நீண்டால் துண்டுச்சீட்டு அனுப்பலாமென்று பேனா மூடியைத் திறந்துவைத்து அமர்ந்திருக்கும் அவைத்தலைவர், எங்கள் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! ஊசி குத்தினாலும் உள்ளம் நோகாமல் குத்தத் தெரிந்த செவிலித் தாய்மார்களே! கருவிகளுக்கு மருத்துவம் பார்க்கும் தொழில்நுட்பத் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையற்காரனின் தலைதாழ்ந்த வணக்கம்.

நான் மருத்துவனல்லன், மேதையுமல்லன். இரு சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுவிட்ட பின்னும் ஓய்வு பெறாமல் ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பவன். ஒருநாள் விட்டு ஒருநாள் இந்த மருத்துவமனையின் டயாலிசிஸ் அறையில், சன்னலோரக் கட்டிலில் படுத்திருப்பவன். என் இரத்தம் வெளியே போய், சுத்தமாகி, வீடு திரும்புவது போலத் திரும்பி வருகிறது. அதைச் சுழற்றி அனுப்புவது எது? ஒரு பம்ப். அந்தப் பம்புக்குள் உருள்வது எது? உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரோலர்! அந்த ரோலர் நின்றால் என்ன நிற்கும்? ஆம் அம்மா, சரியாகச் சொன்னீர்கள். நான் நிற்பேன்!

இங்கே உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாக ஓர் அம்மையார் இருக்கிறார். வார்டில் எல்லோரும் அவரை 'நாளைக்கு அக்கா' என்போம். எதைக் காட்டினாலும், "இன்னைக்கு இருக்கு, சரி. நாளைக்கு இருக்குமா?" என்று கேட்பார். அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறார் பாருங்கள்! ஒளியாதீர்கள் அக்கா, இன்று உங்கள் நாள்!

சென்ற கோடையில் கிடங்குக்குக் கணினி மென்பொருள் வந்தது. கையில் இருப்பது எவ்வளவு, வரப்போவது எவ்வளவு, செலவாகப் போவது எவ்வளவு என்று பார்த்து, வரும் மாதங்களின் இருப்பை அது முன்கூட்டியே காட்டும். முதலில் அது என்ன சொன்னது? கடந்த ஆண்டுகளில் ஒன்றிரண்டு ரோலர்தான் செலவாயின. ஆகவே இருப்பு ஏராளம் என்றது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். அக்கா மட்டும் மகிழவில்லை. எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் வாங்கியவை என்பது அவருக்குத் தெரியும். எந்தக் கருவிக்கு எப்போது ரோலர் மாற்ற வேண்டும் என்ற பராமரிப்புத் திட்டத்தையும் மென்பொருளில் ஏற்றினார். அவ்வளவுதான்! திரையில் மேலே நடந்த கோடு, மழைக்கால மாதங்களுக்கு வந்ததும் குப்புற விழுந்தது.

கொள்முதல் அதிகாரியிடம் ஓடினார்.

"சார், ரோலர் வாங்கணும். இப்போ சொன்னாதான் மழைக்கு முன்னாடி கப்பல்ல வந்து சேரும்."

"அலமாரியில இருக்கறதே தூசி படிஞ்சு கிடக்கு. இன்னும் வாங்கி அடுக்கி அழகு பாக்கவா? கம்ப்யூட்டர் என்ன ஜோசியமா சொல்லுது?"

"ஜோசியம் இல்ல சார், கூட்டல் கழித்தல். உங்க பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரே நாள்ல செருப்பு வாங்குனீங்கன்னா, எல்லாம் ஒண்ணாத்தானே தேயும்?"

அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும், "சரி, பாதி வாங்கலாம்" என்றார்.

"பாதின்னா பாதிப் பேர வெளிய நிறுத்தணும் சார். யாருன்னு நீங்களே வந்து சொல்லிட்டுப் போங்க" என்று அக்கா நேராக எங்கள் அறைக்கே அழைத்து வந்துவிட்டார்!

வந்தார். எங்கள் கட்டில்களுக்கு நடுவே நின்றார். எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"ஐயா, ஒரு தடவ விட்டுப்போனா என்ன ஆகும்?"

"கால் வீங்கும் சார். படுத்தா மூச்சு முட்டும். இன்னொரு தடவையும் விட்டுப்போச்சுன்னா, நீங்க கேக்கறதுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது."

அவர் குனிந்தார். என் போர்வையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் போனார். அன்று மாலையே முழுக் கொள்முதலும் உறுதியானது.

உடனே கைதட்டிவிடாதீர்கள், கதை முடியவில்லை! மழை முந்திக்கொண்டது; கப்பல் பிந்திக்கொண்டது. புதிய தேதியை அக்கா மென்பொருளில் பதிந்தார். நடுவில் சில நாள்கள் அலமாரி காலியாக இருக்கும் என்று அது காட்டியது. ஆனால் எப்போது காட்டியது? காலியான பிறகா? இல்லை! பல வாரங்களுக்கு முன்பே! அழுவதற்கு அல்ல, ஆள் தேடுவதற்கு நேரம் கிடைத்தது. பக்கத்து நகர மருத்துவமனைக் கிடங்குக்குப் பேசினார். "உங்க மெஷினெல்லாம் புதுசு, இப்போ உங்களுக்குத் தேவைப்படாது. கொஞ்சம் குடுங்க, எங்களோடது வந்ததும் திருப்பிடறோம்" என்றார். தருகிறோம் என்றார்கள்.

எடுத்துவரப் போனவர் யார்? அலமாரியில் தூசி என்றாரே, அந்த அதிகாரியேதான்! பாதையெல்லாம் வெள்ளம். சுற்று வழியில் வந்து, பெட்டியை மார்போடு அணைத்தபடி காரிலிருந்து இறங்கினார். அவர் இடுப்பு வரை நனைந்திருந்தார், பெட்டி நனையவில்லை. தொழில்நுட்பத் தம்பி வாங்கிப் பொருத்தினார். மறுநாள் காலை என் பம்ப் சுழன்றது. அந்த மழைக்காலம் முழுவதும் ஒருவரைக்கூட இந்த மருத்துவமனை திருப்பி அனுப்பவில்லை. அந்த மழையில்தான் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அதற்கு முதல் சட்டை தைத்தவன் நான்!

இனி அந்த மென்பொருள் எல்லாப் பிரிவுக்கும் வருகிறதாம். ஒரே ஒரு விண்ணப்பம். அவசரத்துக்கு உதவும் என்று உதிரிபாகத்தை உங்கள் இழுப்பறையில் பதுக்காதீர்கள்! ஏன் தம்பி சிரிக்கிறீர்கள்? உங்கள் இழுப்பறையிலும் உண்டா? எடுத்ததை எடுத்தபோதே பதியுங்கள். நீங்கள் பொய் சொன்னால் கணினியும் பொய் சொல்லும். நீங்கள் மெய் சொன்னால், வரப்போகும் தட்டுப்பாட்டை வருமுன் சொல்லும்.

நோய் எங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பழுது கருவியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் பற்றாக்குறை சொல்லிக்கொண்டுதான் வருகிறது! கேட்பதற்குக் காது வேண்டும். கேட்டதும் எழுந்து நடக்கக் கால் வேண்டும். நடந்த இடத்தில் 'தருகிறேன்' என்று நீளக் கை வேண்டும். அந்தக் காதும் காலும் கையும் இந்த மன்றத்தில் நிறைந்திருப்பதைக் காண்கிறேன். ஆகவே அஞ்சமாட்டேன்! அடுத்த மழை வரட்டும், அதற்கடுத்த மழையும் வரட்டும், என் பேத்தி பள்ளிக்குப் போகும் சீருடையையும் நானே தைப்பேன்!

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. அன்போடு கேட்ட செவிகளுக்கு நன்றி. இவ்வளவு நேரம் நான் மூச்சு முட்டாமல் பேசக் காரணமான கைகளுக்கு அதைவிடப் பெரிய நன்றி. வணக்கம்!